ஏற்றம் பார்த்து வாங்கிய மெஷின்

முதிரையங்குளம்,
செட்டிகுளம்.
12.05.2002

அன்புள்ள அக்காவுக்கு முத்து எழுதுவது.

இந்தக் கடிதத்தைக் கண்டதும் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லோரும் சுகம். சுந்தரம்மாவுக்கு மட்டும் முழங்காலில் கொஞ்சம் வலி. அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "முதல்ல அக்கா சுகத்த விசாரிங்க, அப்புறம் உங்க மெஷின் கதைய எழுதுங்க" என்கிறாள். ஆகவே, எப்படி இருக்கிறீர்கள்? பள்ளிக்கூடம் எப்படி? எல்கடுவையில் நம் பழைய தோட்டத்துப் பக்கம் மழையா?

இனி மெஷின் கதை.

சண்டை நின்று வடக்கு ரோட்டைத் திறந்துவிட்டார்கள், தெரியும்தானே. வவுனியாவுக்குப் போனால் யாழ்ப்பாணம் போகிற லொறிகள் வரிசையாக நிற்கின்றன. ஒரு டோர்ச் பெட்டரி கொண்டுவந்தாலே கேள்வி கேட்ட ரோட்டில் இப்போது கட்டில் போகிறது, மெத்தை போகிறது, கண்ணாடி வைத்த அலுமாரி போகிறது. போன கிழமை அப்படி ஓர் அலுமாரியின் கண்ணாடிக்குள் வானம் ஆடிக்கொண்டே வடக்கே போவதைப் பார்த்தேன். மேகமெல்லாம் ஏதோ வீட்டுக்குத் திரும்பிப் போகிற மாதிரி இருந்தது. அன்றுதான் எனக்கு இந்த எண்ணம் வந்தது.

நான் செய்யும் மூன்று ஏக்கரும் நவரத்தினம் ஐயாவுடைய காணி. எண்பத்தைந்திலிருந்து செய்கிறேன். கொழும்பில் இருந்தவர் இப்போது வந்துபோகத் தொடங்கியிருக்கிறார். போன மாதம் வரம்பில் நின்று சொன்னார் (என் பெயரின் முன்பாதிதான் அவர் வாயில் வரும்): "பழனி, உன்னிலை எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனா ஒவ்வொரு முறையும் நீ பிந்தித்தான் விதைக்கிறாய். இந்தப் பெரும்போகம் மழையோட விதைச்சுக் காட்டு. இல்லாட்டி மிசின் வைச்சிருக்கிறவனுக்குக் குடுக்கிறன்."

பிந்துவது என் சோம்பலால் இல்லை. வாடகை மெஷின் ஊர்க்காரர் வயலெல்லாம் சுற்றிவிட்டுத்தான் எங்கள் வயலுக்கு வரும். "நீங்கள் தோட்டத்து ஆக்கள்தானே, கொஞ்சம் பொறுங்கோ" என்பார்கள். பொறுத்துப் பொறுத்து மழை முடிந்துவிடும்.

எனக்கு ஒரு சின்ன டிரக்டர் வேண்டும். இரண்டு சில்லு வைத்து, பின்னால் நடந்து போகிற வகை. உங்கள் பக்கம் லேண்ட்மாஸ்டர் என்பார்கள். இங்கே பழையது கிடைப்பதில்லை, கிடைத்தாலும் அதற்குப் பத்திரம் இல்லை. கலேவெல, தம்புள்ளைப் பக்கம் மரக்கறி செய்கிறவர்கள் பெரிய டிரக்டர் வாங்கிவிட்டுச் சின்னதை விற்கிறார்களாம். மாடு விற்றதையும் சேர்த்து எண்பதாயிரம் இருக்கிறது. அதற்கு மேல் ஒரு சதம் இல்லை. உங்களிடம் கேட்கவும் இல்லை.

உங்களுக்காகப் பார்க்கிற மாதிரி எனக்கு ஒன்று பார்த்துத் தருவீர்களா?

தம்பி,
முத்து


மாத்தளை.
02.06.2002

முத்து,

கடிதம் கிடைத்தது. அப்பா போனதற்கு ஒரு கடிதம் எழுதினாய். அதற்குப் பிறகு இதுதான். ஒரு சாவுக்கும் ஒரு மெஷினுக்கும் இடையில் நீ எனக்குச் சொல்ல வேறு ஒன்றும் இருக்கவில்லை போலும்.

நான் சுகம். மழை பெய்கிறது. இங்கே மழையை யாரும் செய்தியாக எழுதுவதில்லை.

நீ கேட்டதைப் பற்றி நேராகவே சொல்கிறேன். எனக்கு டீசல் இஞ்சினைக் கரும்பலகையில்தான் தெரியும். வருஷத்துக்கு ஒருமுறை ஒன்பதாம் வகுப்புக்கு வரைந்து காட்டுகிறேன். நான் வரைகிற இஞ்சின் புகைவதில்லை, எண்ணெய் ஒழுகுவதில்லை, அதை யாரும் எனக்கு விற்க முயல்வதுமில்லை. உன் சேமிப்பு முழுவதையும் அப்படிப்பட்ட ஒருத்தியின் கையில் கொடுக்கிறாய்.

இரண்டாவது, இந்தச் சமாதானம். நீ அலுமாரிக் கண்ணாடியில் வானம் பார்த்தாய். நான் பேப்பரில் படம் பார்க்கிறேன், எல்லோரும் கைகுலுக்குகிறார்கள். ரோட்டைத் திறந்தவர்களுக்கு மூடவும் தெரியும். நாளைக்கு மூடினால் மெஷின் ஒரு பக்கம், டீசல் ஒரு பக்கம் நிற்கும்.

மூன்றாவது, நீயே வந்து பார்க்கலாம். பஸ் ஓடுகிறது. எழுபத்தேழில் போனவன் இதுவரை ஒருதரம்கூட வரவில்லை. அப்பாவுக்குக் கொள்ளி வைத்தது சித்தப்பா மகன். ரோட்டைத் தாண்ட ஆமிப் பாஸ் கிடைக்கவில்லை என்று எழுதினாய். கிடைக்காமல் இருந்திருக்கலாம். இப்போது பாஸ் கேட்பதில்லை என்கிறார்கள்.

இருந்தாலும் விசாரிக்கிறேன். மாடசாமி மாமாவிடம் சொன்னேன். தோட்டத்து லொறி ஓட்டியவரை உனக்கு நினைவிருக்கும். ஓய்வெடுத்து டவுனில் மகளோடு இருக்கிறார். "முத்துப் பயலுக்கா? அவன் ஸ்டோர் வாசல்ல லொறி ஏறி ஹோர்ன அடிச்சுட்டு ஓடுவானே, அந்தப் பயலுக்கா?" என்று கேட்டுவிட்டு உடனே சட்டை போட்டுக்கொண்டு புறப்பட்டார். இன்றைக்குப் புதன்கிழமை, ஞாயிற்றுக்கிழமைதான் போகமுடியும் என்று சொல்லித் திருப்பி உட்கார வைத்தேன்.

சுந்தரம்மாவின் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்புகிறேன்.

அக்கா


முதிரையங்குளம்.
23.06.2002

அன்புள்ள அக்காவுக்கு,

தைலம் வந்தது. சுந்தரம்மா பூசிக்கொண்டு, "அக்கா கோவத்துலதான் எழுதியிருக்காங்க, ஆனா தைலம் நல்ல தைலம்" என்றாள்.

நீங்கள் எழுதியதில் மூன்றாவதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வரலாம்தான். செட்டிகுளம் சந்தி வரைக்கும் போய் பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நினைத்துப் பார்க்கிறேன். மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை என்று ஒவ்வொரு ஊராக மனதுக்குள் தாண்டுகிறேன். மாத்தளை வந்ததும் இறங்காமல் இருந்துவிடுகிறேன். ஏன் என்று தெரியவில்லை.

மெஷினைப் பற்றி ஒரு விஷயம் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். அது எனக்குக் கனவில் வருகிறது. என்ன நிறம் என்று தெரிவதில்லை. சத்தமும் இல்லை. தண்ணீர் கட்டிய வயலில் தானாகவே போகிறது; அதற்குப் பின்னால் கொக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்குகின்றன. நான் கைப்பிடியைப் பிடித்திருக்கிறேன், ஆனால் நான் ஓட்டவில்லை, அதுதான் என்னைக் கூட்டிக்கொண்டு போகிறது. வயல் முடிகிற இடத்தில் இன்னொரு வயல். வரம்பே இல்லை. சுந்தரம்மா தட்டி எழுப்பி, "தூக்கத்துல என் கையப் புடிச்சு கியர் போடுறீங்க, வலிக்குது" என்கிறாள்.

இங்கே இந்த மாதம் முழுக்க வெயில். குளம் வற்றி நடுவில் ஒரு தட்டு அளவுக்குத் தண்ணீர் மின்னுகிறது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் மழை இறங்கி வருகிற மாதிரி ஒரு மயக்கம் வரும். மெஷின் மட்டும் மழைக்கு முன்னால் வந்துவிட்டால் போதும்.

தம்பி,
முத்து


மாத்தளை.
21.07.2002

முத்து,

நான்கு மெஷின் பார்த்துவிட்டோம்.

முதலாவது கலேவெலயில். சிவப்பு நிறம், கண்ணைப் பறித்தது. வீட்டுக்காரி தேத்தண்ணியும் கொக்கிசுப் பலகாரமும் வைத்தாள். நல்ல மனுஷி. நான் கொண்டை ஊசியை எடுத்து இஞ்சின் ஓரத்தில் சுரண்டினேன். சிவப்புக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே துரு. வீட்டுக்காரர் சிங்களத்தில், "டீச்சர் பெயின்ட்டையா வாங்கப் போறீங்க?" என்று கேட்டார். "நீங்க அதைத்தானே விக்கிறீங்க" என்றேன். அவர் மனைவிதான் பெரிதாகச் சிரித்தாள்.

இரண்டாவதும் மூன்றாவதும் தம்புள்ளையில், தரகர் இத்ரூஸ் காட்டியவை. அவர் பேசினால் மெஷினின் சத்தம் கேட்காது. "டீச்சர், அல்லாவுக்குப் பொதுவாச் சொல்றன், இது மெஷின் இல்ல, வீட்டுல வளந்த பிள்ள. ஒரே அடியில ஸ்டார்ட் ஆகும், பாருங்க." ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனது. ஆனால் அதற்கு முன்பே நான் இஞ்சின் மேல் கையை வைத்துப் பார்த்திருந்தேன். சுடுகிறது. "பிள்ளை காலையிலேயே எங்கயோ ஓடிட்டு வந்திருக்கு போல" என்றேன். பழைய இஞ்சினை ஆள் வருவதற்கு முன்னாலேயே சூடாக்கி வைத்தால் குளிரில் அது படுகிற பாடு வாங்குபவனுக்குத் தெரியாது. மாடசாமி மாமா என்னைப் பெருமையாகப் பார்த்தார். இத்ரூஸ் மட்டும், "டீச்சர்ட ஸ்கூல்ல பிள்ளைகள் பாவம்" என்றார்.

மூன்றாவது கறுப்பாகப் புகை கக்கியது. நான்காவது நல்லதுதான், ஆனால் கைப்பிடியில் ஓர் ஒட்டு இருந்தது. ஒட்டு இருக்கிற இடம் ஒருநாள் உடையும்.

பொறுத்திரு.

அக்கா

பி.கு. உன் கனவைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் ஒன்றுமில்லை. ஆனால் போன வாரம் ஒன்பதாம் வகுப்பில் இஞ்சின் வரைந்துகொண்டிருந்தபோது, என்னை அறியாமல் அதற்கு இரண்டு கைப்பிடி வரைந்துவிட்டேன். பிள்ளைகளும் அப்படியே பார்த்து வரைந்துகொண்டார்கள்.


மாத்தளை.
18.08.2002

முத்து,

இன்னும் மூன்று. ஒன்று எண்பதாயிரத்துக்கு மேல். ஒன்றின் பத்திரத்தில் உள்ள நம்பரும் இஞ்சினில் உள்ள நம்பரும் வேறு. மற்றது நன்றாக ஓடியது. ஆனால் விற்பவர் ஏன் விற்கிறார் என்று கேட்டதற்குச் சரியான பதில் சொல்லவில்லை. நன்றாக ஓடுவதை எவரும் விற்பதில்லை.

நாவுல பக்கத்தில் ஒன்று இருக்கிறதாம். பள்ளிப் பரீட்சை முடிந்ததும் போகலாம்.

உனக்கு இன்னொன்றும் சொல்ல நினைத்தேன். எல்கடுவையில் கீழ்ப் பிரிவில் லயத்து வீடுகளுக்கு அருகே நிலத்தைத் துண்டு துண்டாகக் கொடுக்கப்போகிறார்களாம். மரக்கறி நன்றாக வரும் மண். கேட்டு வைக்கவா என்று மாமா கேட்டார். சும்மா தெரிவிக்கிறேன்.

அக்கா


முதிரையங்குளம்.
01.09.2002

அக்காவுக்கு,

சுகம். சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

ஏழு மெஷின். ஒன்றுக்குப் பெயின்ட் கூடாது, ஒன்றுக்கு ஒட்டு கூடாது. ஒன்று நன்றாக ஓடுகிறது, அதனாலேயே கூடாது. அக்கா, நீங்கள் மெஷினுக்குக் குறை சொல்லவில்லை. நான் இங்கே இருக்கிறதுக்குக் குறை சொல்கிறீர்கள். மெஷின் வந்துவிட்டால் நான் இந்த மண்ணை விட்டு வரமாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். கீழ்ப் பிரிவு நிலத்தைப் பற்றிச் சும்மா ஒன்றும் எழுதவில்லை.

எழுபத்தேழில் லயத்துக்கு நெருப்பு வைத்த பிறகு தேயிலைக்குள் மூன்று இரவு படுத்துக் கிடந்தோம். நீங்கள் அப்போது பேராதனைப் பல்கலைக்கழகத்தில். நான் வந்து உங்களைக் கூப்பிட்டேன், எல்லோருமாக வடக்கே போய்விடுவோம் என்று. லைப்ரரி வாசலில் நின்று, "பரீட்சை இருக்குடா" என்று சொன்னீர்கள். உங்களை விட்டுவிட்டு வர அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மனம் வரவில்லை. நான் தனியாக லொறி ஏறினேன். அதற்குக் கோபமில்லை. நீங்கள் படித்ததும் நல்லதுதான். ஆனால் நான் போனது பிழை என்று இன்னும் எனக்கு நிரூபிக்க வேண்டாம்.

இங்கே என்னைத் தோட்டத்தான் என்கிறார்கள். அங்கே வந்தால் ஓடிப்போனவன் என்பார்கள். இந்த மூன்று ஏக்கரில் காலை வைத்தால் மட்டும் என்னை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அது போய்விட்டால் எனக்கு நிற்க இடமில்லை. அவ்வளவுதான்.

இன்னும் ஒரு மாதத்தில் மழை. உங்களால் முடியாவிட்டால் சொல்லிவிடுங்கள்.

முத்து


மாத்தளை.
29.09.2002

முத்து,

உன் கடிதத்துக்கு நான்கு பதில் எழுதினேன். நான்கும் நல்ல தமிழில் இருந்தன. ஒன்றையும் அனுப்பவில்லை.

மெஷின் வாங்கிவிட்டேன்.

இத்ரூஸ்தான் கொண்டுவந்தார், தம்புள்ளையிலிருந்து லொறியில் ஏற்றி, மாத்தளைக்கே. "டீச்சர் தம்புள்ளைக்கு வந்தா ஏன்ட யாவாரம் பாழாப்போகுது, அதுதான் நானே வந்துட்டன்" என்றார். மரக்கறி வியாபாரி ஒருவரின் மெஷின். மங்கிய பச்சை நிறம், புதுப் பெயின்ட் இல்லை. பின்னால் பூட்டுகிற பெட்டியும் சேர்த்து உன் கணக்குக்குள். இஞ்சின் குளிர்ந்துதான் இருந்தது. நான் தொட்டுப் பார்க்கும் வரை இத்ரூஸ் கைகட்டி நின்றார்.

மாடசாமி மாமா, "ஏத்தத்துல போட்டுப் பாக்காம நான் வாங்க விடமாட்டேன்" என்றார். பெட்டியில் ஆறு மூட்டை உரத்தை ஏற்றி எல்கடுவைக்கு விட்டோம். மாமா ஓட்ட, நான் மூட்டைமேல் உட்கார்ந்தேன். இந்த வயதில், சேலையோடு, குடை பிடித்துக்கொண்டு.

உனக்கு அந்த ரோடு நினைவிருக்கிறதா? இரண்டாவது வளைவுக்குப் பிறகு பனி இறங்கிவிட்டது. முன்னால் மாமாவின் முதுகு மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. டுக் டுக் டுக் என்று சத்தம் மட்டும் மேலே போகிறது. அந்தச் சத்தம் எதிர் மலையில் பட்டு, கொஞ்சம் பிந்தித் திரும்பி வந்தது. பனிக்குள் நமக்கு இணையாக இன்னொரு மெஷின் ஏறுகிற மாதிரி. யார் அதை ஓட்டுகிறார்கள் என்று பார்க்கத் தலையைத் திருப்பினேன். ஒரு விஞ்ஞான ஆசிரியை அப்படிச் செய்யலாமா தெரியவில்லை. பனி ஓர் இடத்தில் விலகியது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு நிமிர்ந்து பார்த்து, "டீச்சரம்மாவ எந்த ஊருக்கு கட்டிக் குடுக்கிறீங்க?" என்று மாமாவிடம் கத்தினார்கள். அவர், "செட்டிகுளத்துக்கு!" என்று திருப்பிக் கத்தினார். நான் குடையைத் தாழ்த்திக்கொண்டேன். சிரிப்பை அடக்க முடியவில்லை, முத்து. எத்தனையோ வருஷமாயிற்று.

மலைக்கோவில் முடக்கில், செங்குத்தான ஏற்றத்தில், மாமா வேண்டுமென்றே நிறுத்தினார். மெஷின் ஓர் அங்குலம் பின்னால் வரவில்லை. "பிரேக் புடிச்சா நிக்கிது, விட்டா ஏறுது. ஒரு மெஷினுக்கு இதுக்கு மேல என்ன வேணும், காந்தா?" என்றார். இத்ரூஸும், "ஆடு ஏறுற மாதிரி ஏறிச்சே!" என்று பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்து சொன்னார்.

கீழே வந்ததும் நீ பாங்கில் போட்டிருந்த காசைக் கொடுத்தேன்.

இத்ரூஸுக்குத் தெரிந்த லொறி வருகிற வாரம் யாழ்ப்பாணத்துக்குக் கோவாவும் மற்ற மரக்கறியும் ஏற்றிப் போகிறது. வவுனியாவில் இறக்கிவிடுவார்கள். பத்திரமெல்லாம் சீட்டுக்கு அடியில் பையில் இருக்கிறது.

அக்கா


முதிரையங்குளம்.
20.10.2002

அன்புள்ள அக்காவுக்கு,

மெஷின் வந்தது. வவுனியாவிலிருந்து நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டு வாசலில் சுந்தரம்மா சந்தனம் குங்குமம் வைத்து, சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைத்தாள். இஞ்சினிலிருந்து கோவா இலை ஒன்று விழுந்தது. அதை எடுத்து முகர்ந்து பார்த்துக்கொண்டு நின்றேன். மலைக் குளிர் இன்னும் அதில் இருந்த மாதிரி இருந்தது.

மழை போன வெள்ளிக்கிழமை தொடங்கிவிட்டது. வயலில் தண்ணீர் கட்டினேன். சனிக்கிழமை காலையில் மெஷினை இறக்கினேன்.

அக்கா, அது புதைந்துவிட்டது.

நான்கு அடி போகவில்லை. டயர் சுற்றச் சுற்றச் சேற்றைத் தோண்டிக்கொண்டு கீழே கீழே இறங்கியது. வயிறுவரை போய் நின்றது. வரம்பில் கூட்டம். "உது மலைநாட்டு மிசின், மலையைத் தேடிக் கீழ போகுது!" என்று ஒருவன் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். எனக்கே சிரிப்பு வந்தது. நாலு எருமை இரவல் வாங்கிக் கட்டித்தான் வெளியே எடுத்தோம்.

இது சுமை இழுக்கிற மெஷின். சேற்றுக்கு டயர் சரிவராது, இரும்புச் சில்லு வேண்டும். கம்பிக் கூடு மாதிரி அகலமாக இருக்கும், சேற்றின் மேல் மிதந்து போகும். உழுகிற கலப்பையும் இதில் இல்லை. அந்த வியாபாரிக்கு அது தேவைப்பட்டிருக்காது. பிரேக் மட்டும் அருமை. ஆனால் இங்கே பிரேக் பிடிக்க ஓர் இறக்கமும் இல்லை.

பிழை என்னுடையதும்தான். சேறு என்று நான் ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. வயல் என்றால் சேறுதானே என்று இருந்துவிட்டேன். நீங்களும் மாமாவும் ஏற்றம் பார்த்தீர்கள். நம் ஆட்களுக்கு வண்டி என்றால் ஏற்றம்தான்.

ஆனால் இரவெல்லாம் யோசித்தேன். நீங்கள் பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்தவர், இஞ்சினைத் தொட்டுப் பார்த்தவர். உங்களுக்கா இது தெரியாமல் போயிற்று? நீங்கள் பார்த்தது என் வயலுக்கு இல்லை. அந்த மெஷின் எந்த ரோட்டில் ஓடவேண்டும் என்று உங்கள் மனதில் ஓர் எண்ணம் இருந்திருக்கிறது. உங்களுக்கே தெரியாமல் இருந்திருக்கும். எனக்குக் கோபமில்லை. உங்கள் கடிதத்தைப் படித்துப் படித்து, பனிக்குள் இணையாக வந்த அந்த மற்ற மெஷினில் நான்தான் உட்கார்ந்திருந்தேன் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஐயா தீபாவளிக்கு அடுத்த கிழமை வருகிறார். எருமையோடு தொடங்கியிருக்கிறேன்.

முத்து


மாத்தளை.
26.10.2002

முத்து,

நீ எழுதியது சரி.

பேராதனையில் எனக்குக் கற்றுத்தந்தது ஒன்றே ஒன்றுதான்: ஒன்றைச் சோதிப்பதற்கு முன் எதற்காகச் சோதிக்கிறோம் என்று கேள். அதை நான் கேட்கவில்லை. ஏழு இடத்தில் கேட்காத கேள்வி இல்லை. அந்த ஒரு கேள்வி மட்டும். தினமும் பஸ்ஸில் போகும்போது வயல் பார்க்கிறேன். பச்சையாக இருக்கும். அதற்குள் இறங்கி நின்றது கிடையாது.

இத்ரூஸிடம் சொன்னேன். தலையில் கைவைத்துக்கொண்டு, "வயலுக்கா? நான் கோவா ஏத்தவெண்டுல்லா நெனச்சன்!" என்றார். தம்புள்ளை வேர்க்‌ஷாப் ஒன்றில் இரும்புச் சில்லு ஒரு சோடி, கலப்பை ஒன்று, இரண்டும் பார்த்தாயிற்று. இது என் காசு. பேசாதே.

லொறியில் தனியாக அனுப்ப மாட்டேன். முதலாம் தேதி நானே கொண்டுவருகிறேன். பள்ளிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அக்கா


மாத்தளை.
24.11.2002

முத்து,

வந்து சேர்ந்தேன். காலில் சேற்று வெடிப்பு இன்னும் ஆறவில்லை. ஆசிரியர் அறையில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். எல்லோரும் என் காலைப் பார்க்கிறார்கள்.

மதவாச்சிச் சோதனைச் சாவடியில் நடந்ததை நான் அங்கே சொல்லவில்லை. லொறியில் இருந்த இரும்புச் சில்லைப் பார்த்து, ஆமிக்காரப் பையன் இது என்ன என்று கேட்டான். சிங்களத்தில், "என் தம்பிக்கு" என்றேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரியும். அவன் அதைக் கீழே இறக்கி ரோட்டில் உருட்டினான், துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு. அது கிணு கிணு என்று கொஞ்ச தூரம் ஓடி விழுந்தது. "எங்க அப்பாகிட்டயும் இது இருக்கு" என்று சொல்லி, தூக்கி ஏற்றிக் கொடுத்தான். அவன் ஊர் அம்பாறையாம். இதை நான் சமாதானத்துக்குச் சாட்சியாகச் சொல்லவில்லை. நடந்தது, சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில்லும் கலப்பையும் ஒரு சாக்கு. உன்னைக் கூட்டிக்கொண்டு வருவதற்குத்தான் லொறி ஏறினேன். கீழ்ப் பிரிவு நிலத்துக்கு உன் பெயரை மாமா ஏற்கெனவே கொடுத்திருந்தார், நான் சொல்லி. என்ன சொல்வது, எந்தச் சொல்லில் தொடங்குவது என்றெல்லாம் தம்புள்ளையிலிருந்து வவுனியா வரை சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கூடவே வந்த இத்ரூஸ், "டீச்சர், என்ன ஓதுறீங்க?" என்றுகூடக் கேட்டார்.

பிறகு அந்தக் காலை. மழை விட்டிருந்தது. வயல் முழுக்கத் தண்ணீர், தண்ணீர் முழுக்க மேகம். நீ மெஷினுக்குப் பின்னால் நடந்தாய். கால் எங்கே, சேறு எங்கே என்று தெரியவில்லை. மேகத்தின் மேல் யாரோ நடந்து போகிற மாதிரி. மண் புரண்டது, வானம் உடைந்தது, மறுபடி ஒட்டிக்கொண்டது. நீ திரும்பி என்னைப் பார்க்கவே இல்லை. என்னை மறந்தே போயிருந்தாய். இருபத்தைந்து வருஷமாக நான் மனதில் வைத்திருந்தது லைப்ரரி வாசலில் நின்ற ஒரு பையனின் முகம். இந்த மனுஷன் வேறு. இவன் எங்கும் தொலைந்துபோகவில்லை. நின்ற இடத்தில் நிற்கிறான்.

சொல்லிப் பார்த்த சொல்லையெல்லாம் வரம்பிலேயே விட்டுவிட்டேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். சுந்தரம்மா, "அய்யோ அக்கா, வழுக்கும்!" என்றாள். வழுக்கியது. நீங்கள் இருவரும் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

நவரத்தினம் ஐயா வந்தபோது மூன்றாவது ஏக்கரில் பாதி உழாமல் அப்படியே கிடந்தது. அவர் வரம்பைச் சுற்றி நடந்து பார்த்தார். "பிந்தினதுதான் பழனி. ஆனா விதைச்சிட்டாய். வருகிற முறையும் நீயே செய்" என்றார். அதற்கு அடுத்த முறையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நீ அதைக் கேட்கவில்லை. நான் கேட்டேன், எனக்குள். வழக்கம்போல.

கீழ்ப் பிரிவில் உன் பெயரை வெட்டச் சொல்லிவிட்டேன். மாமாவுக்கு வருத்தம். பிறகு, "சேத்துல ஏத்தம் பாக்க ஏலாதுதான்" என்று தானாகவே சொன்னார்.

நான் பஸ் ஏறும்போது, வீட்டோடு சேர்த்து ஓர் அறை கட்டப்போகிறேன் என்றாய். நான் பென்ஷன் எடுத்த பிறகு வந்து இருக்கலாம் என்று சுந்தரம்மா சொன்னாள். அப்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, ஒன்றும் கேட்காத மாதிரி இருந்தேன்.

இந்த அமைதி நிலைக்கும் என்று நான் இன்னும் நம்பவில்லை. என்னை நம்பச் சொல்லி எழுதாதே. அறைக்குச் சுவர் எழுப்பும்போது ஜன்னலைக் குளத்துப் பக்கம் வை.

அக்கா